பிஎஸ்5-இல் நேட் டைப் 3: நெட் வேகமாக இருக்கிறது, பினாங்கில் இருக்கும் அண்ணன் மகனின் குரல் மட்டும் வரவில்லை

செந்தூல்_அப்பா | வெள்ளி, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாகப் போராடிப் பார்த்துவிட்டு இங்கே வருகிறேன்.

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில், 11ஆவது மாடியில் இருக்கிறோம். என் மகனுக்கு 13 வயது. அண்ணன் மகன் பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறான், அவனுக்கு 14. அண்ணனுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போகும்வரை இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல வளர்ந்தவர்கள். இப்போது சனிக்கிழமை இரவு பிளேஸ்டேஷனில் ஒன்றாகப் பந்து விளையாடிக்கொண்டே பேசுவதுதான் அவர்களுக்கு மிச்சம்.

போன மாதம் புது ரவுட்டர் ஒன்று வாங்கினேன். 379 வெள்ளி. நெட் நிறுவனம் கொடுத்த பெட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, டிவி வீட்டின் இன்னொரு கோடியில். அதனால் அந்தப் பெட்டியிலிருந்து கூரை ஓரமாக லேன் கேபிள் இழுத்து, புது ரவுட்டரை ஹாலில் வைத்தேன். பிஎஸ்5-ஐ அதில் கேபிளிலேயே சொருகியிருக்கிறேன். வேகம் 280 எம்பிபிஎஸ் வருகிறது. படம் பார்க்க, கேம் இறக்க ஒரு குறையும் இல்லை.

ஆனால் இரண்டு பேரும் பார்ட்டியில் (கன்சோலில் குழுவாகப் பேசும் வசதி) சேர்ந்தால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்பதில்லை. ஆட்டத்துக்கு அழைத்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. பிஎஸ்5-இல் டெஸ்ட் செய்தால் எல்லாம் சரி, கடைசி வரியில் மட்டும் நேட் டைப் 3 என்று காட்டுகிறது. நிறுவனத்துக்கு அழைத்தேன். லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா? கடைக்காரர் இந்த வாரம் முடியும்வரை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

லோயாட்_வாசி | வெள்ளி, இரவு 10.41

டிஎன்எஸ்-ஐ மாற்றிப் பாருங்கள் அண்ணே. முதலாவது 8.8.8.8, இரண்டாவது 8.8.4.4. எனக்கு அப்படித்தான் சரியானது.

பிறை_நைட்ஷிப்ட் | வெள்ளி, இரவு 11.15

போர்ட் (தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்) திறக்க வேண்டும். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்துக்குப் போய், பிஎஸ்5-இன் ஐபிக்கு டிசிபி 80, 443, 3478, 3479, 3480, யூடிபி 3478, 3479 இவற்றைப் போடுங்கள். அதற்கு முன்னால் பிஎஸ்5-க்கு ஐபி மாறாதபடி ரவுட்டரிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் வேறு எண் கிடைத்து, திறந்த போர்ட் வேறு கருவிக்குப் போய்விடும்.

செந்தூல்_அப்பா | சனி, பகல் 12.05

இரண்டையும் செய்துவிட்டேன் தம்பிகளே. டிஎன்எஸ் மாற்றினேன், போர்ட்டுகளையும் ஒன்றுவிடாமல் போட்டேன், எல்லாவற்றையும் அணைத்து ஏற்றினேன். இன்னும் டைப் 3 தான். இன்று இரவு பிள்ளைகள் விளையாடும் நாள், அதனால் கொஞ்சம் அவசரம்.

கம்பி_இழுப்பவர் | சனி, பகல் 12.50

அண்ணே, ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கே.எல்-இல் வீடு வீடாக நெட் மாட்டிக் கொடுப்பதுதான் 14 வருடமாக என் வேலை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரவுட்டர் பழுதில்லை என்றே படுகிறது. இரண்டு எண்களை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ் என்று போய், அங்கே ‘வியூ கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ்’ என்பதைத் திறந்தால் ஐபி முகவரியும் டீஃபால்ட் கேட்வேயும் (பிஎஸ்5 வெளியே போகும் ரவுட்டரின் முகவரி) இருக்கும். இரண்டாவது, உங்கள் புது ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வேன் (WAN, ரவுட்டரின் வெளிப்பக்க இணைப்பு) அல்லது இன்டர்நெட் என்ற தலைப்பில் ஒரு ஐபி இருக்கும். அது 192.168, 10, அல்லது 172.16 முதல் 172.31 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் முழுதாக இங்கே எழுதலாம். வேறு எண்ணாக இருந்தால் முதல் பகுதியை மட்டும் எழுதுங்கள், முழு முகவரியைப் பொது இடத்தில் போடாதீர்கள்.

டிஎன்எஸ் பற்றிச் சொன்ன தம்பிக்கு: அது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் வேலையை மட்டும்தான் செய்கிறது. பெயர் தேடுவது மெதுவாக இருந்தால் அதை மாற்றுவதில் பலன் உண்டு. நேட் டைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்களுக்குச் சரியானது அனேகமாக அதோடு சேர்த்து ரவுட்டரை அணைத்து ஏற்றியதால் இருக்கும்.

செந்தூல்_அப்பா | சனி, பகல் 1.30

பிஎஸ்5: 192.168.0.105, கேட்வே 192.168.0.1.
புது ரவுட்டரின் வேன் ஐபி: 192.168.1.4.

கம்பி_இழுப்பவர் | சனி, பிற்பகல் 2.15

இதுதான் அண்ணே. உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. நிறுவனம் கொடுத்த பெட்டியும் ரவுட்டர்தான். அது 192.168.1 வரிசையில் முகவரி கொடுக்கிறது. உங்கள் புது ரவுட்டர் அதனிடம் ஒரு முகவரி வாங்கிக்கொண்டு, தனக்குள் 192.168.0 என்று இன்னொரு வரிசையை வைத்திருக்கிறது. வீட்டுக் கருவிகளின் முகவரிகளை ரவுட்டர் தன் வெளி முகவரியாக மாற்றி அனுப்புவதுதான் நேட். அது இரண்டு முறை நடப்பதால் இதை டபுள் நேட் என்பார்கள்.

ஏன் குரல் போகவில்லை என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கொண்டோ வாசலில் காவல் சாவடி இருக்கிறது அல்லவா? உள்ளே குடியிருப்பவர் “எனக்கு ஒரு பார்சல் வரும், 11-7க்கு அனுப்புங்கள்” என்று சொன்னால் காவலாளி பாக் கார்ட் அதைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பார்சல்காரர் வந்ததும் புத்தகத்தைப் பார்த்து மேலே விடுவார். எழுதாத பெயரில் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார். ரவுட்டர் செய்வதும் இதுதான். படம் பார்ப்பது, கேம் இறக்குவது எல்லாம் நீங்கள் உள்ளிருந்து கேட்டு வருபவை, புத்தகத்தில் தானாகவே பதிவாகிவிடும். அதனால்தான் 280 வேகம் குறையில்லாமல் வருகிறது. ஆனால் பார்ட்டியில் பேசும்போதும், ஒருவர் ஆட்டத்தில் மற்றவர் சேரும்போதும் ஒரு வீட்டுக் கன்சோல் இன்னொரு வீட்டுக் கன்சோலை நேரே தேடி வருகிறது. அதற்கு முன்கூட்டியே சாவடியில் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

யூபிஎன்பி என்று ஒரு வசதி இருக்கிறது. கன்சோல் தானே சாவடிக்கு அழைத்து “இந்த எண்ணுக்கு வருவதை எனக்கு அனுப்பு” என்று எழுதவைத்துவிடும். உங்கள் வீட்டில் பிஎஸ்5 சொல்வது உள் சாவடியில் மட்டும் பதிவாகிறது. வெளிச் சாவடிக்குச் சேதியே போகவில்லை. நீங்கள் கையால் திறந்த போர்ட்டுகளும் உள் சாவடிப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. பிறைத் தம்பி கொடுத்த எண்கள் சரியானவை, போட்ட இடம்தான் போதவில்லை.

பிளேஸ்டேஷனில் டைப் 1 என்றால் நடுவில் ரவுட்டரே இல்லாமல் நேரடி இணைப்பு. டைப் 2 என்றால் ரவுட்டர் வழியாக, ஒழுங்காக. வீடுகளில் இதுதான் நாம் எதிர்பார்க்க வேண்டியது. டைப் 3 என்றால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாத நிலை. எக்ஸ்பாக்ஸ் இதையே ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்று சொல்லும், டபுள் நேட் இருந்தால் அதையே பெயர் சொல்லிக் காட்டிவிடும். நின்டெண்டோ ஸ்விட்ச் ஏ, பி என்று எழுத்தில் காட்டும்.

தீர்வு: புது ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஆபரேஷன் மோட் என்று தேடுங்கள். ரவுட்டர் மோடிலிருந்து ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள். அதன்பிறகு அது வைஃபை கொடுக்கும், கேபிளைப் பிரித்துக் கொடுக்கும், முகவரி கொடுக்கும் வேலையை வாசல் பெட்டியிடம் விட்டுவிடும். மாற்றிய பிறகு பழைய 192.168.0.1 பக்கம் திறக்காது. பயப்பட வேண்டாம், அதற்குப் புது முகவரி கிடைத்திருக்கும். அடுத்து 192.168.1.1 என்று அடித்து வாசல் பெட்டிக்குள் போய் யூபிஎன்பி ஓடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் எல்லாவற்றையும் அணையுங்கள். முதலில் வாசல் பெட்டி, விளக்குகள் நிலைத்ததும் ஹால் ரவுட்டர், கடைசியாக பிஎஸ்5. ரெஸ்ட் மோடில் வைக்காமல் முழுதாக அணைக்க வேண்டும்.

பிறை_நைட்ஷிப்ட் | சனி, பிற்பகல் 2.40

வேன் ஐபியை முதலில் கேட்டிருக்க வேண்டும், கற்றுக்கொண்டேன். ஒரு கேள்வி அண்ணே, வாசல் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்தும் நிலை) போட்டுவிட்டு, புது ரவுட்டரையே முழு ரவுட்டராக வைப்பது இன்னும் நல்லதல்லவா? 379 வெள்ளி ரவுட்டரின் மற்ற வசதிகள் வீணாகப் போகிறதே.

கம்பி_இழுப்பவர் | சனி, பிற்பகல் 3.05

முடியும், நல்ல வழியும்கூட. ஆனால் அதற்கு நிறுவனத்தின் லைனில் உள்நுழையும் பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், லைனில் இணையத்துக்கென்று பிரித்து வைத்த பாதையின் விலேன் எண் எல்லாம் கையில் இருக்க வேண்டும். யூனிஃபை லைன் என்றால் இணையத்துக்கு விலேன் 500. மற்ற நிறுவனங்களில் வேறாக இருக்கும், அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எண் தவறினாலும் வீடு முழுக்க நெட் இல்லாமல் போகும். சனிக்கிழமை மாலை செய்யும் வேலை இல்லை அது.

வாசல் பெட்டியைத் தொடவே விடாத இடங்களும் உண்டு. அங்கே அதன் டிஎம்ஸெட் பகுதியில் உள் ரவுட்டரின் வேன் ஐபியைப் போட்டால், வெளியிலிருந்து வருவதெல்லாம் உள் ரவுட்டருக்கு வந்துவிடும், பிறகு அது பார்த்துக்கொள்ளும். கணினியின் ஐபியை மட்டும் டிஎம்ஸெட்டில் போடாதீர்கள். அது கதவைக் கழற்றி வைப்பது போல ஆகிவிடும்.

ஜாலான்ஈப்போ_அக்கா | சனி, மாலை 5.10

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பழைய பிஎஸ்4, வைஃபையில் ஓடுகிறது. பகலில் நன்றாக இருக்கிறது. இரவு 8 மணிக்குமேல் ஆட்டம் விக்கி விக்கி ஓடுகிறது, சில நேரம் அறுந்தே போகிறது. நேட் டைப் 2 தான். இதற்கு என்ன செய்வது?

கம்பி_இழுப்பவர் | சனி, மாலை 5.45

அக்கா, 2013இல் வந்த முதல் பிஎஸ்4 என்றால் அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் 2016இல் வந்த ஸ்லிம்மிலும் புரோவிலும்தான் சேர்ந்தது. அடுக்குமாடியில் இரவு 8 மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஆட்கள் இருப்பார்கள், எல்லா ரவுட்டரும் அந்த 2.4-இல்தான் இடித்துக்கொள்ளும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். கைப்பேசியில் வைஃபை அனலைசர் ஒன்றை இறக்கி, மூன்றில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து அதில் வையுங்கள். ஆனால் உண்மையான தீர்வு கேபிள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிகாபிட் தாங்கும், உங்கள் வீட்டில் 15 மீட்டர்கூடத் தேவைப்படாது. கதவு இடுக்கில் போக வேண்டுமானால் தட்டைக் கேபிள் கிடைக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். விக்கும் நேரத்தில் யாருடைய கைப்பேசியாவது படங்களை மேலேற்றிக்கொண்டிருக்கிறதா?

ஜாலான்ஈப்போ_அக்கா | சனி, மாலை 6.20

என் கணவர் இரவில் வேலை முடிந்து வந்ததும் அவர் போன் தானாகப் படங்களைச் சேமிக்கும். தீபாவளிக்கு எடுத்த வீடியோக்கள் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அதுவா காரணம்?

கம்பி_இழுப்பவர் | சனி, மாலை 6.35

அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மேலேறும் பாதை நிரம்பினால் ஆட்டத்தின் சின்னச் சின்னத் தகவல் பொட்டலங்கள் வரிசையில் காத்து நிற்கும், பிங் (சேதி போய் வரும் நேரம்) ஏறிவிடும். அடுத்த முறை விக்கும்போது போனில் அந்தச் சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். உடனே சரியானால் அதுதான். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை, எவ்வளவு வேகம் என்று வைக்கும் வசதி) இருந்தால், மேலேறும் வேகத்தை உங்களுக்கு உண்மையில் கிடைப்பதில் 90 விழுக்காட்டில் நிறுத்தி வையுங்கள். போன் இரவு முழுக்க ஏற்றட்டும், ஆட்டம் கெடாது.

செந்தூல்_அப்பா | ஞாயிறு, காலை 9.30

நேற்று இரவு நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். மகன் போன் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, வாசல் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த தாளிலிருந்து கடவுச்சொல்லைப் படித்தோம். எழுத்து தேய்ந்து 8-ஆ பி-ஆ என்று தெரியவில்லை, மூன்றாவது முறைதான் திறந்தது. உள்ளே போனால் யூபிஎன்பி அணைத்துத்தான் இருந்தது. மாட்டிக்கொடுத்தவர் அப்படியே விட்டிருக்கிறார். அதை ஏற்றினேன். ஹால் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கினேன். தம்பி சொன்ன வரிசையிலேயே அணைத்து ஏற்றினேன்.

பிஎஸ்5-இன் ஐபி இப்போது 192.168.1.12, கேட்வே 192.168.1.1. டெஸ்ட்டில் நேட் டைப் 2! மகன் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு ஆண்ட்டி கதவைத் திறந்து பார்த்தார்.

பார்ட்டியில் குரல் வந்துவிட்டது. என் மகன் ஆட்டம் தொடங்கினால் அண்ணன் மகன் சேர முடிகிறது. ஆனால் அண்ணன் மகன் தொடங்கினால் இவனால் சேர முடியவில்லை. குரலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்து அறுந்து வருகிறது. பினாங்கில் பார்க்கச் சொன்னேன், அங்கேயும் டைப் 3. அவர்கள் வீட்டில் ஒரே ஒரு பெட்டிதான், யூபிஎன்பியும் ஏற்றியிருக்கிறது. அதன் வேன் ஐபி 100.81 என்று தொடங்குகிறதாம். 100 என்பதால் மீதியை எழுதவில்லை.

கம்பி_இழுப்பவர் | ஞாயிறு, காலை 11.00

நேற்று டைப் 2 வந்ததைப் படித்ததும் எனக்கும் நிம்மதி அண்ணே.

பினாங்கில் இருப்பது வேறு விஷயம். 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அந்த எண் வேன் ஐபியாக வந்தால் அது உங்கள் அண்ணன் வீட்டுக்கு மட்டும் சொந்தமான பொது முகவரி இல்லை. நிறுவனம் தன் இடத்திலேயே ஒரு பெரிய ரவுட்டரை வைத்து, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறது. சிஜிநேட் என்பது இதுதான். பழைய ஐபி முறையில் மொத்தமே 430 கோடிக்குக் கொஞ்சம் குறைவான முகவரிகள்தான். நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் இப்படிப் பகிர்ந்து கொடுக்கின்றன.

இங்கே வெளிச் சாவடி வீட்டுக்குள் இல்லை, நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அண்ணன் எந்த ரவுட்டர் வாங்கினாலும், எந்தப் போர்ட் திறந்தாலும் மாறாது. தயவுசெய்து பணம் செலவழிக்க விடாதீர்கள். நிறுவனத்துக்கு அழைத்து, “நெட் மெதுவாக இருக்கிறது” என்று சொல்லக் கூடாது, சொன்னால் வேகத்தைச் சோதித்துவிட்டு வைத்துவிடுவார்கள். “என் வேன் ஐபி 100.81, நான் சிஜிநேட்டில் இருக்கிறேன், எனக்குப் பப்ளிக் ஐபி வேண்டும்” என்று சொல்லச் சொல்லுங்கள். முதலில் எடுப்பவருக்குப் புரியாவிட்டால் டெக்னிக்கல் பிரிவுக்கு மாற்றக் கேட்க வேண்டும். சில இடங்களில் இலவசமாகவே மாற்றித் தருவார்கள், சில இடங்களில் மாதக் கட்டணம் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளும் முன் அதையும் கேட்டுவிடுங்கள்.

லோயாட்_வாசி | ஞாயிறு, பகல் 12.20

என் வேன் ஐபியையும் இப்போது பார்த்தேன், 100.94. ஜப்பான் சர்வரில் விளையாடும்போது பிங் 90 வருவதும் இதனாலா?

கம்பி_இழுப்பவர் | ஞாயிறு, பகல் 12.45

அது தூரம் தம்பி. கண்ணாடி இழைக்குள் ஒளி 1,000 கிலோமீட்டர் போக 5 மில்லிசெகண்ட் எடுக்கும். கே.எல்-இலிருந்து தோக்கியோ நேர்கோட்டிலேயே 5,300 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. போய் வரக் குறைந்தது 53. கேபிள் கடலுக்கடியில் வளைந்து போகிறது, நடுவில் கருவிகள் இருக்கின்றன, 90 வருவது இயல்புதான். சிங்கப்பூர் சர்வர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஜாலான்ஈப்போ_அக்கா | திங்கள், இரவு 10.15

கேபிள் போட்டாயிற்று. 10 மீட்டர் தட்டைக் கேபிள், கதவுக்கு மேலாகக் கொண்டுபோய் ஒட்டினோம். இரவு 9 மணிக்கு, போன் வீடியோக்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே விளையாடினான், ஒரு முறைகூட விக்கவில்லை. க்யூஓஎஸ்-உம் வைத்துவிட்டேன். மிக்க நன்றி தம்பி.

செந்தூல்_அப்பா | புதன், இரவு 8.50

அண்ணன் திங்களன்று அழைத்தார். முதலில் எடுத்தவர் ரவுட்டரை அணைத்து ஏற்றச் சொன்னார். அண்ணன் விடவில்லை, தம்பி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினார். செவ்வாய்க்கிழமை டெக்னிக்கல் பிரிவிலிருந்து ஒருவர் திரும்ப அழைத்து, தங்கள் பக்கத்தில் மாற்றிவிட்டதாகவும் பெட்டியை ஒரு முறை அணைத்து ஏற்றும்படியும் சொன்னார். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. வேன் ஐபி இப்போது 100 இல்லை. அங்கேயும் டைப் 2.

பள்ளி நாள்தான், ஆனாலும் அரை மணி நேரம் அனுமதித்தேன். அண்ணன் மகன் ஆட்டம் தொடங்கினான், இவன் முதல் அழைப்பிலேயே சேர்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மகன் ஹெட்செட்டைக் கழற்றி என் காதில் வைத்தான். “சித்தப்பா, கேக்குதா?” என்றது குரல். அடுத்த அறையிலிருந்து பேசுவது போல இருந்தது. கேக்குதய்யா என்றேன்.

தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்த்துவிடுகிறேன். இரண்டு வீட்டு வேன் ஐபி விவரத்தையும் தாளில் எழுதி வாசல் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.